திண்ணை காய்ந்துவிட்டது

மன்னவனூர்,
ஞாயிறு இரவு

அன்புள்ள கண்ணு,

நானும் அம்மாவும் நலம். போன வருஷம் தீபாவளிக்கு வந்த நீ, இரண்டாம் நாள் காலையிலேயே குட்டியைப் போர்வையில் சுற்றித் தூக்கிக்கொண்டு மலையிறங்கிப் போனாய். அதைப் பற்றி அதற்கப்புறம் நாம் பேசவே இல்லை. போனில் ஆரம்பித்தால் நான் ஒன்று சொல்வேன், நீ ஒன்று சொல்வாய், நடுவில் டவர் போய்விடும். அதனால் எழுதுகிறேன். அன்றைக்கு நீ கோபப்பட்டது நியாயம்தான். வீட்டைச் சூடேற்ற நான் கட்டிய விறகு அடுப்பு கக்கிய அந்தப் புகையில் குழந்தையை வைத்திருக்க முடியாது. இப்போது புகை இல்லை. நான் சொன்னால் மட்டும் நம்பமாட்டாய், எப்படி நின்றது என்று முழுக்கச் சொல்கிறேன்.

"ஒரு கரண்ட் ஹீட்டர் வாங்கினால் தீர்ந்தது" என்று மாப்பிள்ளை சொன்னார். அவருக்கு இந்தக் கணக்கைக் காட்டு. கரண்ட் கம்பி வராத வீடு இது. இருப்பது 12 வோல்ட், 150 ஆம்பியர்-மணி பேட்டரி இரண்டு. நிரம்பியிருந்தால் 3.6 யூனிட். பாதிக்கு மேல் இறக்கினால் பேட்டரி சீக்கிரம் படுத்துவிடும், ஆக கையில் நிற்பது 1.8 யூனிட். 2,000 வாட் ஹீட்டர் அதை ஒரு மணி நேரத்துக்குள் குடித்துவிடும். நன்றாகக் காய்ந்த விறகு ஒரு கிலோவில் ஏறக்குறைய 4 யூனிட் சூடு இருக்கிறது. ராத்திரிக்கு ஆறு கிலோ போதும். புல்மேல் உறைபனி படியும் ஊரில் வேறு வழி எனக்குத் தெரியவில்லை.

நீ பார்த்தது டிரம்மும் மண் திண்ணையும் மட்டும்தான். உள்ளே இருப்பது இது. விறகைச் செங்குத்தாகச் செருகும் வாய், அதன் கீழே தீ படுத்து ஓடும் ஒரு குறுகிய பாதை, அது போய் முட்டும் இடத்தில் மூன்றரை அடிக்கு நிமிர்ந்த ஒரு குழல். ஃபவுண்டரிக்காரர்களிடம் வாங்கிய, தீ தாங்கும் ஃபயர் பிரிக் செங்கல்லால் கட்டி, சுற்றிலும் உமிச் சாம்பலும் களிமண்ணும் குழைத்து அப்பினேன், சூடு வெளியே கசியாமல் இருக்க. அந்தக் குழலில் தீ சீறிக்கொண்டு ஏறும். அதனால்தான் ராக்கெட் அடுப்பு என்று பேர். 1980-களில் அமெரிக்காவின் ஆரிகன் பக்கம் லாரி வினியார்ஸ்கி சமையல் அடுப்பாகச் செய்த யோசனை. அதே வட்டாரத்தில் இயாண்டோ எவான்ஸ் அதை வீடு சூடேற்ற வளர்த்தெடுத்தார். குழலுக்கு மேல் 200 லிட்டர் டிரம்மைக் கவிழ்த்தால், புகை டிரம் மூடியில் முட்டி, பக்கவாட்டில் இறங்கி, திண்ணைக்குள் படுத்திருக்கும் ஆறு அங்குலக் குழாய் வழியாகப் போய், சூட்டையெல்லாம் மண்ணுக்குக் கொடுத்துவிட்டு புகைபோக்கியில் ஏறும். ராத்திரி ஒன்பது மணிக்குத் தீ அணைந்தாலும் விடியற்காலையில் திண்ணை வெதுவெதுப்பாக இருக்கும்.

இருக்கும் என்று சொல்லித்தான் கட்டினேன். நடந்தது உனக்குத் தெரியும்.

நீ போனதும் முதலில் விறகைத்தான் திட்டினேன். திட்டியதில் தப்பில்லை. ஐப்பசி மழையில் நனைந்த சீகை மரம், வெட்டி இரண்டு மாசம்கூட ஆகவில்லை. ஈர விறகில் சூட்டில் ஒரு பங்கு தண்ணீரை ஆவியாக்கவே போய்விடும். புகை குளிர்ந்து, குழாய்க்குள் தார் மாதிரி கறுப்புப் பிசின் படியும். அந்தப் பிசின் ஒருநாள் பற்றினால் புகைபோக்கியே தீப்பந்தம்தான். பிளந்து, தகரக் கொட்டகையில் காற்றோட்டமாக அடுக்கி, இந்த வருஷம் கோடை முழுக்கக் காயவிட்டேன். இரண்டு துண்டைத் தட்டினால் இப்போது கணீரென்று கேட்கிறது.

ஆனால் அம்மா எங்கிருந்தோ காய்ந்த சுள்ளி கொண்டுவந்து எரித்தபோதும் புகை வந்தது. அப்போதுதான் விறகைக் குற்றம் சொல்லித் தப்பிக்க முடியாது என்று புரிந்தது. பட்டறையில் மெஷின் மக்கர் செய்தால் என்ன செய்வேன்? ஒவ்வொரு பாகமாகக் கழற்றிவிட்டு ஓட்டிப் பார்ப்பேன். இதிலும் அப்படியே செய்தேன். கதவு ஜன்னலைத் திறந்துபோட்டு, டிரம்மைத் தூக்கி வைத்துவிட்டு வெறும் குழலில் தீ போட்டேன். நேராக ஏறியது, பொட்டுப் புகை இல்லை. டிரம்மை மாட்டினேன், வாய் வழியாகப் புகை திரும்பியது. ஆக, கோளாறு டிரம்முக்கு அப்பால்.

டிரம் மூடிக்கும் குழலின் உச்சிக்கும் இடைவெளி இரண்டு அங்குலம், அது சரி. டிரம்மின் அடியிலிருந்து புகை திண்ணைக்குள் நுழையும் இடத்தை உடைத்துப் பார்த்தேன். எட்டு அங்குல அகலம், இரண்டு அங்குல உயரம். பதினாறு சதுர அங்குலம். ஆறு அங்குலக் குழாயின் வாயோ இருபத்தெட்டு! வழியில் எங்கேயும் அதற்குக் குறையக் கூடாது என்பதுதான் இந்த அடுப்புக்கு முதல் விதி. முப்பத்தைந்து வருஷம் மைக்ரோமீட்டர் பிடித்த கை இது, கண்ணு. மண் வேலைதானே என்று கண்ணளவில் விட்டுவிட்டேன். அன்றைக்குச் சாப்பாடு இறங்கவில்லை. உயரத்தை ஐந்து அங்குலமாக்கி, சாம்பல் வழிக்க ஒரு மூடியும் வைத்தேன். கையோடு, வெடித்திருந்த சிமெண்டுப் பூச்சையெல்லாம் சுரண்டிவிட்டு செம்மண்ணும் மணலும் வைக்கோலும் மிதித்துப் பூசினேன். அந்தச் சூட்டுக்குச் சிமெண்ட் நிற்காது.

அப்புறமும் சில ராத்திரி புகைந்தது, சில ராத்திரி இல்லை. இதுதான் என்னை ரொம்ப அலைக்கழித்தது. கண்டுபிடித்தது அம்மா. "நான் கதவைத் திறந்து வைத்திருக்கிறபோது உங்கள் அடுப்பு ஒழுங்காகத்தான் எரிகிறது" என்றாள். ஊதுவத்தியைக் கொளுத்தி விறகு வாய்க்குமேல் பிடித்தேன். கதவு திறந்திருந்தால் புகை உள்ளே இழுபடுகிறது, சாத்தினால் அப்படியே நிற்கிறது. குளிருக்குப் பயந்து ஜன்னல் சந்து, ஓட்டுச் சந்து எல்லாவற்றையும் நான்தான் துணி வைத்து அடைத்திருந்தேன். தீ காற்றுக்கு எங்கே போகும்? சுவரில் துளைபோட்டு, நாலு அங்குல இரும்புக் குழாய் ஒன்றை விறகு வாய்க்குப் பக்கத்தில் தரையோடு கொண்டுவந்தேன், வெளிமுனையில் எலி வராமல் வலை. புகைபோக்கியையும் கூரை முகட்டுக்கு மேல் மூன்று அடி தூக்கினேன். முன்பு முகட்டுக்குக் கீழேயே நின்றது, சரிவில் இறங்கும் காற்று புகையை உள்ளே அமுக்கியது.

மிச்சம் ஒன்றுதான். இரண்டு நாள் மூட்டாமல் விட்டால், ஜில்லிட்ட திண்ணைக்குள் புகை போக மறுக்கும். இடிதாங்கியைக் கண்டுபிடித்த பெஞ்சமின் பிராங்க்ளின் 1740-களில் செய்த அடுப்பிலும் இதே வில்லங்கம்தான். புகை கீழே இறங்கித் திரும்பித்தான் மேலேறவேண்டும், நன்றாகச் சூடேறும்வரை இழுக்காது. இடியோடு விளையாடியவருக்கே அந்தக் கதி என்று அம்மாவிடம் சொன்னேன், அவள் சிரிக்கவில்லை. இப்போது புகைபோக்கியின் அடியில் இருக்கும் மூடியைத் திறந்து, அங்கே ஒரு பக்கம் செய்தித்தாளை எரித்துவிட்டு அப்புறம் விறகு வாயில் பற்றவைக்கிறேன். உடனே இழுக்கிறது.

திண்ணை மண் முழுசாகக் காய ஐந்து வாரம் ஆயிற்று. ஆரம்பத்தில் ஆவி பறந்து ஜன்னல் கண்ணாடியெல்லாம் வேர்த்தது, இப்போது இல்லை.

குட்டி வருவதாக இருந்தால் இதையும் கேள். டிரம் தொட்டால் சுடும், அதனால் இடுப்புயரத்துக்கு இரும்பு வலைத் தடுப்பு போட்டிருக்கிறேன். திண்ணையில் தாராளமாகப் படுக்கலாம். விடுதி அறையில் அடுப்புக்கரியை மூட்டிவிட்டுத் தூங்கியவர்கள் எழுந்திருக்காத செய்தியை நீயும் படித்திருப்பாய். கார்பன் மோனாக்சைடு கண்ணுக்குத் தெரியாது, வாசனையும் கிடையாது. ஆக்சிஜனைவிட 200 மடங்குக்குமேல் இறுக்கமாக ரத்தத்தைப் பிடித்துக்கொள்ளும். பேட்டரியில் ஓடும் அலாரம் ஒன்று எங்கள் கட்டிலருகே இருக்கிறது. நீங்கள் படுக்கும் அறைக்கு இன்னொன்று வேண்டும், அதை வரும்போது நீயே வாங்கி வா. நான் வாங்கிவைத்தால் உனக்கு நம்பிக்கை வராது.

டிரம் மூடிக்கு வைக்க அரை அங்குலக் கண்ணாடி நார்க் கயிறு மூன்று மீட்டரும் வேண்டும், மாப்பிள்ளையிடம் சொல். குட்டிக்குக் கம்பளிக் காலுறை வேண்டாம் என்கிறாள் அம்மா. நீ எதற்கும் எடுத்து வா, குளியலறைக்கு இன்னும் எதுவும் செய்யவில்லை.

அன்புடன்,
அப்பா