இழுக்காதே

மஞ்சக்குப்பம், கடலூர்
30 டிசம்பர்

பாப்பாவுக்கு அப்பா எழுதுவது.

இங்கே அனைவரும் நலம். அம்மாவுக்கு முட்டிவலி பரவாயில்லை. அதை விடு. உன் மலைப்பாம்பு பக்கிரி எப்படி இருக்கிறான்? போன தடவை வீடியோவில் காட்டினாயே, உடம்பெல்லாம் வெங்காயச் சருகு மாதிரித் தோல் திட்டுத்திட்டாய் ஒட்டிக்கொண்டு. அதைப் பார்த்ததிலிருந்து மனசு சரியில்லை. 22 நாளாகிறது. போனும் இல்லை.

சின்னவன் குரும்பாபேட்டில் கால்நடை மருத்துவம் படிக்கிறானே, அவனைத் தொல்லைப்படுத்திக் கேட்டேன். நல்லபடியாக இருக்கும் பாம்பு உதட்டோரம் தொடங்கி, சாக்ஸ் கழற்றுவது போல ஒரே துண்டாகச் சட்டையைக் கழற்றிவிடுமாம். துண்டு துண்டாய் வந்தால் பெரும்பாலும் ஈரம் போதவில்லை என்று அர்த்தம். நீ இருக்கும் கனடாவில், கால்கரியில் குளிர்காலம் பூரா ஹீட்டர் ஓடுகிறது, ஈரம் எங்கிருந்து வரும்? இங்கே பொரித்த அப்பளம் இலைக்கு வருவதற்குள் நமுத்துப் போகிறது. பக்கிரி மாதிரி 'பால் பைத்தான்' (ball python) ஜாதிக்குக் காற்றில் ஈரம் 60 சதவீதமாவது வேண்டுமாம், உரிக்கும் சமயத்தில் இன்னும் கொஞ்சம் கூட. ஒரு டப்பாவில் ஓட்டை போட்டு ஈரப்பாசி வை, அவனே போய்ப் படுத்துக்கொள்வான். வெதுவெதுப்பான தண்ணீரில் அரைமணி விடு, பக்கத்திலேயே இரு. அப்புறம் ஈரத்துண்டுக்குள் ஊர்ந்து போகட்டும், உரசி வந்துவிடும். நீ இழுக்காதே. கண்மேல் நிற்பதைத் தொடவே தொடாதே, டாக்டர் பார்க்கட்டும். வால் நுனியைப் பார். வளையமாய் நின்றுவிட்டால் ரத்தம் போகாமல் நுனி செத்துவிடுமாம்.

இதெல்லாம் உனக்குத் தெரியாததா? ஒன்பதாவது படிக்கும்போதே எனக்குச் சொன்னவள் நீ.

அம்மா ஒன்று கேட்கச் சொன்னாள். பக்கிரி கூண்டுக்குப் பின்னால் சுவரில் மாப்பிள்ளையின் கிட்டார் தொங்கும். போன தடவை ஆணி மட்டும் தெரிந்தது. வீட்டுக்குப் பெயின்ட் அடிக்கிறீர்களா?

தானே புயல் அடித்த நாள் இன்று. 2011. மறுநாள் விறகுக் கொட்டகையில் சாரைப்பாம்பு வந்து சுருண்டு கிடந்ததே. கண் இரண்டும் நுங்குத் தண்ணி மாதிரி வெளுத்திருந்தது. "அடிக்காதீங்கப்பா, சட்டை உரிக்கப் போவுது, அதுக்குக் கண்ணு தெரியல" என்று என் கையைப் பிடித்துத் தொங்கினாய். சாரைக்கு விஷம் இல்லை என்று எனக்கும் தெரியும். தெருவே நின்று பார்த்தது, அதனால் அடித்தேன். நீ இரண்டு நாள் சாப்பிடவில்லை. பிடிவாதக்காரி என்று எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தேன். பயந்தவன் நான் என்று ஒருவரிடமும் சொன்னதில்லை, உன்னிடமும். போன வருஷம் நீ ஏதோ சொல்ல வந்தபோதும், நாலு பேர் என்ன சொல்வார்கள் என்று வாயை அடைத்தேன். பாப்பா, அன்று கொட்டகை வாசலில் நின்ற நாலு பேரில் ஒருவர்கூட இன்று நம் தெருவில் இல்லை. வீட்டை விற்றுவிட்டுப் போய்விட்டார்கள்.

பக்கிரி கண் மங்கியிருக்கும்போது எலி போடாதே, தின்னமாட்டான். அவனைக் கையில் தூக்காதே. இழுக்காதே. வாலைப் பார். நீ வேளைக்குச் சாப்பிடு. ராத்திரி எத்தனை மணியானாலும் போன் பண்ணு, நான் விழித்துத்தான் இருக்கிறேன்.

மாடி அறையில் உன் அலமாரியைக் காலி பண்ணித் துடைத்து வைத்திருக்கிறோம். விசேஷம் ஒன்றுமில்லை, கரையான்.

அப்பா