கருந்துளையைச் சுற்றிய வாயுவையும் கணக்கில் சேருங்கள்: ஒரு திறந்த மடல்

ஈர்ப்பலை மாதிரிகளையும் பயிற்சித் தரவையும் தயாரிக்கும் குழுவின் பொறுப்பாளர்களுக்கு,

வணக்கம். கருந்துளைகள் ஒன்றையொன்று சுற்றும்போது வெளி-காலத்தில் எழும் அதிர்வுதான் ஈர்ப்பலை; அதன் வடிவத்தை முன்கூட்டிக் கணக்கிட்டு வைப்பதே மாதிரி. ஆய்வாளர்கள் பழகிப்பார்க்க நீங்கள் செயற்கையாக உருவாக்கும் பயிற்சித் தரவில், பெரிய கருந்துளையைச் சுற்றித் தட்டாகப் பரவிய வாயுவுக்குள் சுற்றும் சிறு கருந்துளையின் அலை ஒன்றையாவது சேருங்கள் என்று கேட்டிருந்தோம். 'சுற்றுப்புற விளைவு புறக்கணிக்கத்தக்கது' என்று ஒரே வரியில் பதில் வந்தது. எந்த அடர்த்தியில், எத்தனை சுற்றுக்கு என்று இன்னொரு வரி எழுதியிருந்தால் இந்த மடலுக்கே வேலை இருந்திருக்காது.

2015 செப்டம்பரில் லைகோ என்ற ஈர்ப்பலைக் கருவி பிடித்த முதல் அலை ஏறக்குறைய 0.2 விநாடிதான் நீடித்தது. அதற்குள் வாயு என்ன செய்துவிடும்? அங்கே சுற்றிலும் ஒன்றுமில்லை என்று கொள்ளும் வெற்றிடக் கணக்கு போதும், சரி. 2030களின் நடுவில் ஏவத் திட்டமிட்டிருக்கும் விண்வெளி ஈர்ப்பலைக் கருவியான லிசாவின் கதை வேறு. பல லட்சம் சூரிய நிறையுள்ள கருந்துளையை, பத்து சூரிய நிறையுள்ள சின்னக் கருந்துளை சுமார் ஒரு லட்சம் முறை சுற்றிச் சுற்றி உள்ளே இறங்கும். ஒரு சுற்றில் வாயுவின் இழுப்பு சொற்பம்தான். அது சுற்றுக்குச் சுற்று சேர்ந்துகொண்டே போய், தட்டு அடர்த்தியாக இருந்தால் அலையின் கட்டத்தை, அதாவது அதன் ஏற்ற இறக்கம் எந்த இடத்தில் இருக்கிறது என்பதை, சில ரேடியன்கள்கூட நகர்த்திவிடும். ஒரு ரேடியன், அதாவது ஒரு முழு அலையில் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு, பிசகினாலே மாதிரி தரவோடு ஒட்டாது.

ஒட்டாமல் போனால்கூடப் பரவாயில்லை. நிறையையும் சுழற்சியையும் கொஞ்சம் தப்பாக்கிக்கொண்டு ஒட்டிவிடுவதுதான் ஆபத்து. அப்புறம் ஐன்ஸ்டைனின் ஈர்ப்புக் கோட்பாடு தோற்றது என்று செய்தியாளர்களைக் கூட்டுவோம். வேலையைக் காட்டியது கொஞ்சம் வாயுவாக இருக்கும்.

இன்னொன்றும் உறுத்துகிறது. 2019 மே மாதத்தில் பதிவான இரு கருந்துளைகளின் இணைவுக்குப் பிறகு, மையக் கருந்துளை வாயுவை விழுங்கி ஒளிரும் ஒரு செயல்மிகு விண்மீன் திரளில் ஒளி கூடியதைக் காட்டி, தட்டுக்குள்தான் மோதல் நடந்திருக்கும் என்று எவ்வளவு ஆர்வமாகப் பேசினோம்! அந்தத் தொடர்பு இன்றும் உறுதியாகவில்லை. ஒளியைத் தேடும்போது வாயு வேண்டும், அலையைக் கணக்கிடும்போது மட்டும் வேண்டாமா? ஒளியே விடாத கரும்பொருள், அருகில் இழுக்கும் மூன்றாவது கருந்துளை பற்றியெல்லாம் கேட்டால் 'பிறகு பார்க்கலாம்'. அந்தப் பிறகு எப்போது வரும் என்று தெரிந்தால் நாட்காட்டியில் குறித்துக்கொள்வோம்.

கோபம் கொஞ்சம் மிஞ்சிவிட்டது, பொறுத்துக்கொள்ளுங்கள். கேட்பது பெரிதில்லை. பயிற்சித் தரவில் வாயுவோடு ஓர் அலை, மாதிரியில் வாயுவின் விளைவைச் சொல்ல ஓர் அளவுரு, அதாவது மாற்றிப்பார்க்கக்கூடிய ஓர் எண். அதைச் சுழியில் வைத்தால் உங்கள் பழைய மாதிரியே திரும்பக் கிடைத்துவிடும். அடுத்த தரவு வெளியாகும் முன் எங்கள் முன்மொழிவை மறுபடி எடுத்துப் பார்க்குமாறு பணிவுடன் வேண்டுகிறேன். மறுப்பதானாலும் கணக்கோடு மறுத்துவிடுங்கள்.

இப்படிக்கு,
முன்மொழிவை அனுப்பியவர்களில் ஒருவர்