ஷோகேஸுக்குப் பணம் கட்டும் முன் பெற்றோர் கேட்க வேண்டியவை

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழை இணையத்தில் நாள்தோறும் படித்துவரும் அமெரிக்கத் தமிழர்களுள் நானும் ஒருத்தி. டல்லாஸ் புறநகரில் வசிக்கிறேன். என் மகன் உயர்நிலைப் பள்ளிக் காலம் முழுவதும் பேஸ்பால் ஆடி, இப்போது ஒரு சிறிய கல்லூரியின் அணியில் ஆடிக்கொண்டிருக்கிறான். எங்கள் பகுதியில் பேஸ்பால் ஆடும் தமிழ்ப் பிள்ளைகள் ஆண்டுக்கு ஆண்டு கூடிவருவதால், கோடை நெருங்கும்போதெல்லாம் தமிழ்ப் பள்ளி வாசலில் நிற்கும் பெற்றோர் என்னிடம் கேட்பது ஒரே கேள்விதான்: கல்லூரிப் பயிற்சியாளர்கள் பார்க்கவரும், ஷோகேஸ் எனப்படும் திறன் காண் முகாமுக்குப் பிள்ளையை அனுப்பலாமா, அனுப்பினால் எதற்கு, எப்போது? ஒவ்வொருவருக்கும் தனித்தனியே சொல்லிவருவதைப் பலரும் படிக்கும்படி எழுதினால் பயன்படும் என்று கருதி இக்கடிதத்தை எழுதுகிறேன்.

நம்மில் பெரும்பாலோர் நுழைவுத் தேர்வுகள் எழுதி வளர்ந்தவர்கள். ஒன்றில் மதிப்பெண் குறைந்தால் அடுத்ததில் பார்த்துக்கொள்ளலாம், எத்தனை எழுதுகிறோமோ அத்தனை வாய்ப்பு என்ற கணக்கு நம் மனத்தில் ஊறிப்போயிருக்கிறது. அந்தக் கணக்கோடு ஷோகேஸை அணுகுவதுதான் தொல்லைகளுக்கெல்லாம் வேர் என்பது என் உறுதியான கருத்து. ஷோகேஸ் ஒரு பிள்ளையிடம் அன்றைக்கு இருப்பதை அளந்து, பலர் பார்க்கும்படி எழுதிவைக்கும் இடம். அங்கே யாரும் ஆட்டம் கற்றுத்தருவதில்லை. அளப்பதற்குரிய வளர்ச்சி வந்த பிறகு, பார்க்க வேண்டியவர்கள் பார்க்கவரும் நாளில், ஓய்வெடுத்த கையோடு போனால் அதனால் நன்மை உண்டு. இம்மூன்றில் ஒன்று குறைந்தாலும் பணமும் விடுமுறையும் வீணாவதோடு, சில வேளைகளில் பிள்ளையின் கையும் கெட்டுப்போகிறது.

முகாமைப் பாராதவர்களுக்காக அங்கு நடப்பதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். காலையில் முதல் வேலை 60 கஜ ஓட்டம். அதை 7 விநாடிக்குள் ஓடி முடிக்கும் பிள்ளையை, அவன் எந்த இடத்தில் ஆடுபவனானாலும், பயிற்சியாளர்கள் குறித்துக்கொள்வார்கள். அடுத்து, இரண்டாம், மூன்றாம் தளங்களுக்கு நடுவிலுள்ள ஷார்ட்ஸ்டாப் இடத்தில் நின்று முதல் தளத்துக்கும், வெளிக்களமான அவுட்ஃபீல்டில் நின்று மட்டையாளர் நிற்கும் ஹோம் பிளேட்டுக்கும் எறியும் பந்துகளின் வேகம் ரேடார் கன்னில் பதிவாகும். மட்டையாளருக்குப் பின்னால் இருந்து பந்தைப் பிடிக்கும் கேட்சருக்குப் ‘பாப் டைம்’ என்றொரு அளவு உண்டு. பிட்சர் வீசிய பந்து கேட்சரின் கையுறையில் விழுந்த நொடியிலிருந்து, அவர் எழுந்து எறிந்த பந்து 127 அடிக்கு மேல் பறந்து இரண்டாம் தளத்தில் நிற்பவரின் கையுறையைச் சேரும்வரை ஆகும் நேரம் அது. 2 விநாடிக்கு அருகில் வந்தால் நல்ல கேட்சர். பின்னர் மட்டை வீச்சு, பிட்சர்களின் பந்துவீச்சு, நேரமிருந்தால் ஒரு சிறு ஆட்டம். இந்த எண்கள் எல்லாம் பெயரோடும் பிறந்த ஆண்டோடும் இணையத்தில் ஏறிவிடும். எட்டாம், ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளை அவசரப்பட்டு அழைத்துச் செல்லும் பெற்றோர் இதை நினைத்துப் பார்க்க வேண்டும். பதினான்கு வயதில் உயரம் கூடிக்கொண்டிருக்கும் பையனின் கால்கள் அவன் சொன்னபடி கேட்பதில்லை. இரண்டு ஆண்டு பொறுத்தால் தானே மறைந்துபோகும் ஒரு குறையை, பணம் கொடுத்து ஊரறிய எழுதிவைக்க வேண்டிய தேவை என்ன?

மேலும், அத்தனை இளம் வயதில் போவதால் கிடைக்கும் பயனும் குறைவு. அமெரிக்கக் கல்லூரி விளையாட்டை மூன்று பிரிவுகளாக வகுத்து நிர்வகிக்கும் என்சிஏஏ 2023-இல் மாற்றிய விதியின்படி, முதல் பிரிவுக் கல்லூரிப் பேஸ்பால் பயிற்சியாளர் ஒருவர், பிள்ளை பதினோராம் வகுப்பில் சேரும் ஆண்டின் ஆகஸ்ட் 1-க்கு முன்னர் அவனிடம் சேர்க்கை பற்றிப் பேசவே கூடாது. குளிர்கால மாதங்களுக்கும் ஒரு கட்டுப்பாடு இருக்கிறது. பிப்ரவரி முடியும்வரை முதல் பிரிவுப் பயிற்சியாளர்கள் தம் கல்லூரி வளாகத்துக்கு வெளியே போய் ஆட்டக்காரர்களைப் பார்வையிட இயலாது. அப்படியிருக்க, “நாட்டின் முன்னணிக் கல்லூரிகள் உங்கள் மகனைப் பார்க்கவிருக்கின்றன” என்று டிசம்பர், ஜனவரி மாத உள்ளரங்க முகாமுக்கு விளம்பரம் வந்தால், எந்தக் கல்லூரி, எந்தப் பயிற்சியாளர் என்று பெயர் கேட்டு ஒரு மின்னஞ்சல் அனுப்புங்கள். பதில் பெயர்களோடு வந்தால் யோசிக்கலாம். பொதுவான சொற்களோடு வந்தால் பணத்தைப் பத்திரமாக வைத்துக்கொள்ளலாம். அந்த மாதங்களில் கல்லூரிகள் தம் வளாகத்திலேயே நடத்தும் முகாம்களுக்குத் தடை இல்லை. பிள்ளை சேர விரும்பும் இரண்டு மூன்று கல்லூரிகளைத் தெரிந்தெடுத்து அங்கே போவது, பெயர் தெரியாத பத்து இடங்களுக்கு அலைவதைவிட எவ்வளவோ மேல்.

“உங்கள் மகன் தேர்ந்தெடுக்கப்பட்டிருக்கிறான்” என்று தொடங்கும் அழைப்பு மடல்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். முகவரிப் பட்டியல் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு எல்லோருக்கும் அனுப்பப்படும் மடல்கள் அவற்றுள் மிகுதி. தம் பிள்ளையை யாரோ கண்டுகொண்டார்கள் என்ற மகிழ்ச்சியில் பெற்றோர் அன்றிரவே சில நூறு டாலர் கட்டிவிடுகிறார்கள். விமானமும் விடுதியும் சேர்ந்தால் ஒரு வார இறுதிக்கே ஆயிரத்தைத் தாண்டிவிடும். பிள்ளை ஆடியதை உண்மையிலேயே பார்த்த பயிற்சியாளர், எந்த ஆட்டத்தில் பார்த்தார், எது பிடித்தது என்று ஒரு வரியாவது எழுதுவார்.

இந்தச் செலவெல்லாம் உதவித்தொகையாகத் திரும்பிவிடும் என்ற நம்பிக்கையையும் அளந்து பார்க்க வேண்டும். முதல் பிரிவுப் பேஸ்பால் அணி ஒன்றுக்கு நெடுங்காலமாக அனுமதிக்கப்பட்டிருந்தது 11.7 முழு உதவித்தொகைகள் மட்டுமே. அதை அதிகபட்சம் 27 பேருக்குப் பங்கிட்டுக் கொடுத்தார்கள். 2025-இல் வந்த நீதிமன்றத் தீர்வுக்குப் பின், அதை ஏற்ற கல்லூரிகளில் உதவித்தொகை வரம்பு நீங்கி, அணிக்கு 34 பேர் என்ற வரம்பு வந்திருக்கிறது. ஆனால் எல்லாக் கல்லூரிகளிடமும் அத்தனை பேருக்கும் கொடுக்கப் பணம் இருக்காது. அணியில் இடமும் முன்பைவிடச் சுருங்கியிருக்கிறது. மூன்றாம் பிரிவில் விளையாட்டுக்கென உதவித்தொகையே கிடையாது. தொழில்முறை அணிகள் புதிய ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்ட் 2021 முதல் 40 சுற்றிலிருந்து 20 ஆகக் குறைந்துவிட்டது. நாடு முழுவதிலுமிருந்து ஆண்டுக்கு ஏறத்தாழ 600 பேர்தான் எடுக்கப்படுகிறார்கள். இதற்கு நேர்மாறாக, நம் பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் கைவசமிருக்கும் ஒன்றை நாம் மறந்துவிடுகிறோம். முதல் பிரிவில் ஆடத் தகுதி பெற 16 அடிப்படைப் பாடங்களில் 4-க்குக் குறைந்தது 2.3 சராசரி வேண்டும். கல்வியில் பெயர்பெற்ற கல்லூரிகளிலோ அதற்கு வெகு மேலே இருந்தால்தான் சேர்க்கைக் குழு கதவைத் திறக்கும். நன்றாக ஆடியும் மதிப்பெண்ணால் தட்டிப்போகும் பிள்ளைகளை அந்தப் பயிற்சியாளர்கள் ஆண்டுதோறும் இழக்கிறார்கள். ஆதலால் பயிற்சியாளருக்கு எழுதும் முதல் மின்னஞ்சலிலேயே மதிப்பெண் சான்றையும் இணைப்பது நல்லது. என் மகனின் பயிற்சியாளர் முதல் தொலைபேசி உரையாடலில் கேட்டது பந்தின் வேகத்தை அல்ல, கணிதப் பாடத்தைத்தான். அந்த மின்னஞ்சலைப் பிள்ளையே எழுத வேண்டும். அப்பாவின் நடை எதுவென்று பயிற்சியாளர்களுக்கு முதல் வரியிலேயே தெரிந்துவிடும்.

இனி நான் மிகவும் கவலைப்படும் செய்திக்கு வருகிறேன். பிட்சர்களாக ஆடும் பிள்ளைகளின் பெற்றோர் இந்தப் பகுதியைத் தவறாமல் படிக்க வேண்டுகிறேன். ஷோகேஸில் ஒரு பிட்சருக்குக் கிடைப்பது இருபது பந்துகளோ சற்றுக் கூடவோதான். எதிரே ரேடார் கன் வரிசையாக நிற்கும். பையன் ஒவ்வொரு பந்தையும் வீசிவிட்டு, அது எங்கே விழுந்தது என்று பாராமல் எண் என்ன வந்தது என்று திரும்பிப் பார்ப்பதை எத்தனையோ முறை கண்டிருக்கிறேன். ஆட்டத்தில் வேகத்தைக் கூட்டியும் குறைத்தும் வீசுகிறவன், அங்கே இருபதையும் உடலில் உள்ள வலுவெல்லாம் திரட்டி வீசுகிறான். முந்திய இரண்டு நாளும், பள்ளிக்கு வெளியே ஊர் ஊராகப் போய் ஆடும் டிராவல் டீம் போட்டியில் வீசிவிட்டு வந்த கையாக இருக்கலாம், அல்லது மாதக்கணக்கில் ஓய்விலிருந்து போதிய முன்பயிற்சி பெறாத கையாக இருக்கலாம். இரண்டுமே ஆபத்துதான். தொழில்முறை ஆட்டத்தின் உச்ச அமைப்பான மேஜர் லீக் பேஸ்பால் 2024 டிசம்பரில் வெளியிட்ட ஆய்வறிக்கை, பிட்சர்களின் காயங்கள் பெருகியதற்கு உச்ச வேகத்தைத் துரத்தும் பழக்கத்தை முக்கியக் காரணமாகச் சுட்டியதோடு, அந்தப் பழக்கம் சிறுவர் ஆட்டத்திலேயே தொடங்கிவிடுவதையும் எடுத்துக்காட்டியது.

முழங்கையின் உட்புறத் தசைநார் கிழிந்தால் செய்யப்படும் அறுவைச் சிகிச்சைக்கு டாமி ஜான் என்ற பிட்சரின் பெயரே நிலைத்திருக்கிறது. 1974-இல் டாக்டர் ஃபிராங்க் ஜோப் அவருக்கு முதன்முதலாக அதைச் செய்தார். அவர் 1976-இல் மீண்டு வந்து 1989 வரை ஆடினார். அந்த வெற்றிக் கதையைக் கேட்டுக் கேட்டு, அறுவைக்குப் பின் கை முன்பைவிட வலுப்பெறும் என்ற தவறான எண்ணம் பெற்றோரிடையே பரவிக் கிடக்கிறது. மீள்வதற்கு ஓராண்டோ அதற்கு மேலோ ஆகும். பதினாறு வயதுப் பையனுக்கு அது கல்லூரிகள் அவனைப் பார்க்கவரும் ஆண்டு. இந்திய வம்சாவளித் தாயின் மகனான குமார் ராக்கரை நம் வீடுகளில் பலர் பெருமையோடு பேசுகிறோம். 2019-இல் வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்துக்காக, ஒரே ஆட்டத்தில் 19 பேரைத் தம் வீச்சாலேயே (ஸ்ட்ரைக்அவுட்) வெளியேற்றி, எதிரணிக்குத் தளம் சேரும் ஓர் அடியும் (ஹிட்) கொடுக்காமல் ஆடியவர் அவர். அத்தகையவரை 2021-இல் பத்தாவதாகத் தேர்ந்தெடுத்த நியூயார்க் மெட்ஸ், மருத்துவப் பரிசோதனைக்குப் பின் ஒப்பந்தம் செய்யாமல் விட்டுவிட்டது. மறு ஆண்டு டெக்சஸ் ரேஞ்சர்ஸ் மூன்றாவதாக எடுத்தது. 2023-இல் முழங்கை அறுவை நடந்து, 2024 செப்டம்பரில்தான் மேஜர் லீக்கில் முதன்முறை வீசினார். உச்சத் திறமையும் உச்ச மருத்துவமும் வாய்த்த ஒருவரையே கை இப்படிக் காக்கவைத்தது.

இதற்கு வழிகாட்டி இல்லாமல் இல்லை. மேஜர் லீக்கும் நாட்டின் பேஸ்பால் அமைப்பான யுஎஸ்ஏ பேஸ்பாலும் சேர்ந்து வகுத்த ‘பிட்ச் ஸ்மார்ட்’ நெறிமுறைகள் இலவசமாகக் கிடைக்கின்றன. 15, 16 வயதினர் ஒரே நாளில் 95 பந்துக்கு மேல் வீசலாகாது. 75-ஐத் தாண்டினால் நான்கு நாள் ஓய்வு கட்டாயம். ஆண்டுக்குக் குறைந்தது நான்கு மாதம் போட்டிப் பந்துவீச்சிலிருந்து விலகியிருக்க வேண்டும். பிட்சராக வீசியவன் அதே ஆட்டத்தில் கேட்சராக நிற்கக் கூடாது. பள்ளி அணியின் பயிற்சியாளருக்கு டிராவல் டீமில் வீசிய கணக்கும், ஷோகேஸ் நடத்துபவருக்கு இரண்டின் கணக்கும் தெரியாது. மூன்றையும் ஒன்றாக அறிந்திருக்கக்கூடியவர்கள் பெற்றோர் மட்டுமே. ஆகவே தேதி வாரியாக ஒரு நோட்டில் எழுதிவாருங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

முகாம் நாளைப் பற்றிச் சில சொற்கள். தொலைவென்றால் முந்தின நாளே போய்ச் சேருங்கள். மூன்று மணி நேரம் காரில் மடங்கி உட்கார்ந்துவந்த பையன், இறங்கியதும் 60 கஜம் ஓடினால் தொடைத் தசை பிடித்துக்கொள்ளும். பல முகாம்களில் மர மட்டைதான் என்பதால், சில வாரம் முன்பே அதில் பழகியிருக்க வேண்டும். ஜூலை மாத டெக்சஸ் வெயிலுக்குத் தண்ணீரும் உப்பும் முந்தைய நாளிலிருந்தே உடலில் சேர வேண்டும். காலை உணவு வீட்டில் வழக்கமாகச் சாப்பிடுவதாகவே இருக்கட்டும்.

பிள்ளை உள்ளே போன பிறகு பெற்றோர் தடுப்பு வேலியை விட்டுத் தள்ளியே உட்கார வேண்டும். ஒருமுறை ஷார்ட்ஸ்டாப் வரிசையில் நின்ற ஒரு பையன் முதல் பந்தைக் கையுறையில் தட்டி விட்டுவிட்டான். வேலியோரம் நின்ற அவன் தந்தை தமிழில் உரக்கத் திருத்தம் சொல்ல, அடுத்த மூன்று பந்துக்கும் அவன் கண் பந்தில் இல்லை, வேலியில்தான் இருந்தது. அவனுக்குப் பின்னால் நின்ற வேறொரு பையனும் ஒரு பந்தைத் தவறவிட்டான். ஓடிப்போய் எடுத்துவந்து வாளியில் போட்டுவிட்டு, சிரித்தபடி அடுத்ததற்குக் குனிந்தான். கையில் அட்டையோடு நின்ற பயிற்சியாளர் எழுதிக்கொண்டது அப்போதுதான். பந்து தவறுவது எல்லோருக்கும் நேர்வது. தவறிய பின் பையன் என்ன செய்கிறான் என்பதைப் பார்க்கவே அவர்கள் அவ்வளவு தூரம் வருகிறார்கள்.

தங்கள் நாளிதழ் வாயிலாக மூன்று கோரிக்கைகளையும் முன்வைக்க விரும்புகிறேன். முகாம் நடத்தும் நிறுவனங்கள், எந்தெந்தக் கல்லூரிப் பயிற்சியாளர்கள் வருவதாக உறுதியளித்திருக்கிறார்கள் என்பதைப் பணம் வாங்கும் முன்பே வெளியிட வேண்டும். பிட்சராகப் பதிவு செய்யும் ஒவ்வொரு பிள்ளையிடமும் கடந்த ஒரு வாரத்தில் வீசிய பந்துகளின் கணக்கைக் கேட்டு, ஓய்வு போதாதவர்களைத் திருப்பியனுப்பி, கட்டணத்தையும் திருப்பித்தர வேண்டும். கோடையில் கிரிக்கெட் போட்டிகளைச் சிறப்பாக நடத்திவரும் இங்குள்ள தமிழ்ச் சங்கங்கள், ஷோகேஸ் பருவம் தொடங்கும் முன் ஏப்ரலில் ஒரு நாள், கல்லூரியில் ஆடிவரும் நம் பிள்ளைகளையும் ஒரு விளையாட்டு மருத்துவரையும் அழைத்துப் புதிய பெற்றோரோடு பேசவைக்க வேண்டும். எங்கள் ஊரில் அப்படியொரு கூட்டம் ஏற்பாடானால் உதவ நானும் என் கணவரும் ஆயத்தமாக இருக்கிறோம்.

இங்ஙனம்,
தங்கள் வாசகி,
டல்லாஸ் புறநகர், டெக்சஸ்