ஏகாம்பரத்துக்கு, காது சம்பந்தமாக

தொண்டையார்பேட்டை,
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள ஏகாம்பரம்,

இங்கே எல்லோரும் நலம். வசந்தாவுக்கு முழங்கால் வலி, எனக்குப் பழைய சர்க்கரை, பேத்திக்குப் பன்னிரண்டாம் வகுப்பு. தங்கச்சியையும் பையனையும் கேட்டதாகச் சொல். ஓசூர்க் குளிரைப் பற்றி மட்டும் பதில் எழுதாதே. நான் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து எழுதுகிறேன், அப்படியும் தாள் கையில் ஒட்டுகிறது.

போனில் சொல்லலாம் என்றுதான் கூப்பிட்டேன். "கழுத்தில் மாட்டுகிற ஸ்பீக்கர் வந்திருக்கிறது" என்றேன். "கழுத்து வலிக்கு ஒத்தடம் கொடு" என்கிறாய். நானும் கத்தி, நீயும் கத்தி, மாடிக்காரர் சண்டையோ என்று எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். காகிதத்தில் என்றால் உனக்குக் காது நன்றாகக் கேட்கும்.

விஷயம் இதுதான். எங்கள் வீட்டு டிவி சத்தம் கொஞ்ச நாளாகவே ஊர்ப் பிரச்சினை ஆகிவிட்டது. எண்ணூர் நெடுஞ்சாலையில் போகிற கண்டெய்னர் லாரியையும் மீறி எனக்கு வசனம் கேட்க வேண்டும் என்றால் எங்கே கொண்டுபோய் வைப்பது? பக்கத்து வீட்டுக்கும் எங்களுக்கும் ஒரே சுவர். அந்த அம்மாள் தன் வீட்டு டிவியைப் போடாமலே எங்கள் வீட்டு சீரியலின் கதையை முழுசாகச் சொல்கிறார். மருமகள் வாய் திறந்து ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் பேத்தி படிக்கிற அறைக் கதவை அவள் சாத்துகிற விதம் இருக்கிறதே, அது எனக்குக்கூடக் கேட்கும். பாதித் தவறு டிவியினுடையது என்பேன். பழைய பெட்டி டிவி முகத்துக்கு நேராகப் பேசும். இந்தத் தட்டை டிவிகளில் பலவற்றுக்கு ஸ்பீக்கர் அடியிலோ முதுகிலோதான் இருக்கிறது. நம்மிடம் பேசாமல் சுவரிடம் பேசுகிறது.

ஹெட்போன் மாட்டிப் பார்த்தேன். நம் ஊர்ப் புழுக்கத்தில் காது வெந்துவிடும். அதோடு குக்கர் விசில் கேட்காது, வாசலில் தண்ணீர் கேன்காரன் வந்தால் கேட்காது, வசந்தா கூப்பிட்டால் கேட்காது. கடைசியாகச் சொன்னது சௌகரியம் என்று நீ சொல்வாய். வீட்டுக்குள் இருந்து பார்.

பேத்திதான் இதைக் கண்டுபிடித்து வரவழைத்தாள். வளைந்த பட்டை, தோள்மேல் உட்கார்ந்துகொள்கிறது. இரண்டு முனையிலும் காதைப் பார்த்தபடி சின்ன ஸ்பீக்கர். காதுக்குள் எதுவும் போகாது, காதை எதுவும் மூடாது. 2017 வாக்கிலேயே போஸ், ஜேபிஎல், ஜப்பானில் சோனி என்று பெரிய கம்பெனிகள் இறக்கிவிட்டனவாம். லேசான ரகம் நூறு கிராம் சொச்சம், கனமானது முந்நூறுக்கு மேல். என்னுடையது லேசான ரகம். வசந்தா பார்த்த மாத்திரத்தில் நுகத்தடி என்று பெயர் வைத்துவிட்டாள். "நுகத்தடியைப் பூட்டிக்கொண்டாயிற்றா? ஏர் எப்போது கிளம்புகிறது?"

இதில் சூட்சுமம் தூரம்தான். திறந்தவெளியில் தூரம் இரண்டு மடங்கானால் சத்தம் 6 டெசிபல் இறங்கும் என்று பேத்தி கணக்குப் போட்டுக் காட்டினாள். டிவிக்கும் என் நாற்காலிக்கும் மூன்று மீட்டர். இந்த ஸ்பீக்கருக்கும் காதுக்கும் ஒரு சாண். 20 டெசிபலுக்கு மேல் லாபம். அறைக்குள் சுவர் சத்தத்தைத் திருப்பி அனுப்புவதால் அவ்வளவு கிடைக்காது. ஆனாலும் எனக்குக் கணீரென்று கேட்பது அடுத்த அறைக்கு முணுமுணுப்பாகத்தான் போகிறது. பேத்தி கதவைத் திறந்து வைத்துப் படிக்கிறாள்.

இதோடு முடிந்திருந்தால் உனக்கு ஒரு தபால் அட்டை போதும். முதல் நாள் ராத்திரி செய்தியைப் போட்டால், வாசிக்கிற பெண் வாயை மூடிய பிறகு வார்த்தை வருகிறது! டிவியிலிருந்து இதற்குக் கம்பியில்லாமல் ஒலியைக் கொண்டுவருகிற புளூடூத் அதைச் சுருக்கி, பொட்டலம் கட்டி அனுப்பி, இந்தப் பக்கம் பிரித்துத்தான் ஒலிக்கும். எஸ்பிசி என்கிற சாதாரண முறையில் அதற்கு ஏறத்தாழ 0.2 வினாடி போய்விடுகிறது. பாட்டு மட்டும் கேட்கிறவனுக்கு அது தெரியாது. மகனும் மருமகளும் வாங்கி மாட்டிப் பார்த்துவிட்டு "நன்றாகத்தானே இருக்கிறது" என்றார்கள். எனக்கு மண்டை கிறுகிறுத்தது.

ஏன் என்று உனக்குத் தெரியும், அவர்களுக்கு எப்படித் தெரியும்? மில்லில் தறி ஓடுகிற இரைச்சலில் வெற்றிலை மேஸ்திரி என்ன திட்டினார் என்பதை உதட்டைப் பார்த்துத்தானே தெரிந்துகொண்டோம்! கொட்டகையின் அந்தக் கோடியிலிருந்து நீ வாயசைத்தே என்னிடம் கடன் கேட்டு, நானும் வாயசைத்தே இல்லை என்று சொல்லி, ஒரு சத்தம் வெளியே வராமல் சண்டை போட்டவர்கள் நாம். நம் வயசு நெசவாளிக்குப் பாதிக் காது கண்ணில் இருக்கிறது. உதடு ஒரு நேரத்திலும் ஒலி ஒரு நேரத்திலும் வந்தால் அவனை ஏமாற்ற முடியாது.

இதற்கு அளவும் வைத்திருக்கிறார்கள். ஒலி படத்தை 45 மில்லிவினாடி முந்தினால் மனிதர்களுக்குத் தெரியத் தொடங்கும், பிந்தினால் 125 வரைக்கும் தெரியாது என்று சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம் எழுதி வைத்திருக்கிறது. பிந்துவதை நாம் பொறுத்துக்கொள்வதில் நியாயம் இருக்கிறது. காசிமேட்டில் தூரத்துப் படகில் ஒருவன் சுத்தியலை இறக்கிய பிறகுதானே அந்த அடி நம் காதுக்கு வரும்? ஆனால் இந்த 0.2 வினாடி, அதாவது 200 மில்லிவினாடி, அந்தப் பொறுமையையும் தாண்டியது.

டிவி மெனுவில் ஒலித் தாமதம் என்று ஒன்று இருக்கும். நீ வாங்கினால் அதை நம்பி உட்கார்ந்துவிடாதே. அது ஒலியை இன்னும் தள்ளித்தான் போடும், முன்னால் இழுக்காது. தாமதம் குறைந்த அனுப்பும் பெட்டி ஒன்றைத் தனியாக வாங்கி டிவியின் முதுகில் செருக வேண்டும். ஆப்ட்எக்ஸ் லோ லேட்டன்ஸி என்கிற புளூடூத் முறை இருக்கிறதா என்று கேள். 40 மில்லிவினாடிக்குள் வேலை முடிந்துவிடும். ஒன்று கவனம், அனுப்புகிற பெட்டியிலும் கழுத்தில் இருப்பதிலும் இரண்டிலும் அது இருக்க வேண்டும். ஒன்றில் இல்லாவிட்டால் மறுபடி பழைய கதைதான். என் கழுத்தில் இருப்பதில் தெய்வாதீனமாக அது இருந்தது.

அந்தப் பெட்டியை முதலில் ஹெட்போன் துளையில் செருகினான் மகன். டிவி வாயை மூடிக்கொண்டது. "அப்போ எனக்கு ஊமைப் படமா?" என்றாள் வசந்தா. பிறகு ஆப்டிகல் துளைக்கு மாற்றியதும் டிவியும் பேசுகிறது, நுகத்தடியும் பேசுகிறது. அவள் தனக்கு வேண்டிய அளவு வைத்துக்கொள்கிறாள், நான் எனக்கு வேண்டிய அளவு. எல்லா டிவியிலும் இப்படி அமையுமா என்று கடையிலேயே கேட்டுவிடு.

குறையும் சொல்கிறேன், இல்லாவிட்டால் தரகன் என்பாய். கழுத்து வியர்க்கிறது. இதை மாட்டிக்கொண்டே சமையலறைக்குப் போனால் ஆள் இல்லாத இடத்தில் மாமியார் அழுகிறாள், வசந்தா இரண்டு தடவை பயந்துவிட்டாள். சீரியலின் பின்னணி இசை இருக்கிறதே, அதை எந்தக் கருவியாலும் திருத்த முடியாது. ஒருத்தி காபி கொண்டுவந்தால் எதற்கு மூன்று இடி?

பெரிய குறை கருவியினுடையது இல்லை, ஏகாம்பரம். சத்தம் போதுமான அளவு வந்தும் சில வார்த்தைகள் வரவில்லை. சட்டியா, கட்டியா, தட்டியா, எனக்கு எல்லாம் ஒன்றுதான். பேத்தி ஸ்டான்லி ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனாள். ஒரு சின்ன அறையில் உட்காரவைத்து, பீப் கேட்டால் பொத்தானை அழுத்தச் சொன்னார்கள். வரைபடத்தில் கோடு ஓரளவு சமமாக வந்து 4,000 ஹெர்ட்ஸ் என்கிற மேல் ஸ்தாயியில் பள்ளத்தில் விழுந்து கிடந்தது. டாக்டர் அதைப் பார்த்துவிட்டு, "மில்லில் வேலையா, பெரியவரே?" என்றார். நான் சொல்லவே இல்லை! நாடாத் தறி ஓடும் கொட்டகையில் 100 டெசிபலை ஒட்டிய சத்தம், வருஷக்கணக்கில் அதில் நின்றவர்களுக்கு முதலில் போவது அந்த இடம்தானாம். உயிரெழுத்தின் கனமெல்லாம் கீழ் ஸ்தாயியில் இருப்பதால் அது கேட்டுவிடும். ச, ஸ, த என்று உரசியும் தட்டியும் வருவதெல்லாம் மேலே இருக்கிறது. அங்கேதான் நமக்கு ஓட்டை. கூலிக்கும் நேரத்துக்கும் போனஸுக்கும் வாசலில் நின்று கோஷம் போட்டோம். காதுக்கு ஒரு பஞ்சு கேட்கவேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை.

கழுத்து ஸ்பீக்கர் சத்தத்தைப் பக்கத்தில் கொண்டுவரும், அவ்வளவுதான். போன எழுத்தைத் திருப்பிக் கொடுக்க ஒவ்வொரு காதின் ஓட்டைக்கும் ஏற்ற மாதிரி அளந்து வைக்கிற காது மெஷின்தான் வேண்டும் என்றார் டாக்டர். எனக்கு எழுதிக் கொடுத்திருக்கிறார், வாங்கப்போகிறேன்.

இப்போது உன் விஷயம். சுந்தரி மகள் கல்யாணத்தில் நீ பந்தியில் உட்கார்ந்து யார் என்ன சொன்னாலும் தலையாட்டிச் சிரித்துக்கொண்டிருந்தாய். மன்னார் தன் அண்ணன் தவறியதைச் சொன்னபோதும் சிரித்தாய். அவன் ஒன்றும் சொல்லவில்லை. எனக்குச் சோறு இறங்கவில்லை. அதற்குப் பிறகு நீ எந்த விசேஷத்துக்கும் வருவதில்லை, கேட்டால் முதுகு வலி என்கிறாய். லான்செட் மருத்துவ இதழின் குழு 2024-இல் மறதி நோய்க்கு வழிவிடும், ஆனால் நாம் சரிசெய்யக்கூடிய 14 விஷயங்களைப் பட்டியல் போட்டது, அதில் காது கேளாமையும் ஒன்று. நான்கு பேரோடு பேசாமல் மூலையில் உட்கார்ந்தால் மூளையும் உட்கார்ந்துவிடும் போலிருக்கிறது. உன் மூளையில் உட்காருவதற்கு என்ன இருக்கிறது என்று மேஸ்திரி கேட்டிருப்பார். எனக்கு அந்த விளையாட்டு இப்போது வரவில்லை.

ஆகவே பையனைக் கூட்டிக்கொண்டு ஓசூரிலேயே ஒரு காது டாக்டரைப் பார். டிவி ஸ்பீக்கர் அதற்கு அப்புறம். பரிசோதனை முடிந்ததும் அந்த வரைபடத்தை நகலெடுத்து அனுப்பு, என்னுடையதையும் இதோடு வைத்திருக்கிறேன். பள்ளம் யாருக்கு ஆழமோ அவன் அடுத்த முறை காசிமேட்டில் வஞ்சிரம் வாங்கித் தர வேண்டும். பழைய கடன் தனி.

உன்,
கஜபதி