சான்டா ஃபேக்கு மூன்று ராத்திரி

அன்புள்ள முரளி,

கடிதம் கிடைத்தது. பையன் கல்லூரிக்குப் போய்விட்டான் என்றால், நீயும் மாலதியும் தனியாகக் கிளம்ப இதுதான் சமயம். அமெரிக்காவில் நியூ மெக்சிகோவின் சான்டா ஃபே சரியான இடம். உன் திட்டம்தான் சரியில்லை. மூன்று நாளில் சுற்றுவட்டாரத்துத் தாவோஸ், பாண்டெலியர் குகை வீடுகள், அபிகியூ எல்லாமா? ஒன்றை வைத்துக்கொண்டு மற்ற இரண்டையும் அடித்துவிடு.

ஊர் கிட்டத்தட்ட நம் ஊட்டி உயரம், ஆனால் ஊட்டியின் ஈரம் துளியும் கிடையாது. வியர்வை வந்த சுவடே தெரியாமல் காய்ந்துவிடும். தாகம் எடுக்காமலேயே உடம்பு வறண்டு, சாயங்காலம் தலைவலியாக வந்து நிற்கும். ஆளுக்கு ஒரு லிட்டர் பாட்டில் கையிலேயே இருக்கட்டும். முதல் ராத்திரி மது வேண்டாம், உயரத்தில் அது சீக்கிரம் தலைக்கேறும். வெயில் விழுந்ததும் குளிர் சட்டென்று இறங்கும். கோடையானாலும் ஸ்வெட்டர் பெட்டியில் இருக்க வேண்டும்.

அல்புகர்க்கியில் இறங்கி கார் எடுத்தால் வடக்கே ஒரு மணி நேரம். ரயில் ரன்னர் ரயிலும் உண்டு, ஆனால் அது விமான நிலையத்துக்கு வராது. பாண்டெலியர் போக எப்படியும் கார் வேண்டும். அறையை மட்டும் பிளாசாவிலிருந்து, அதாவது ஊர் நடுச் சதுக்கத்திலிருந்து, நடக்கிற தூரத்தில் எடு. முதல் நாள் காரைத் தொடவே வேண்டாம்.

பிளாசாவின் வடக்கே 1610-இல் எழுந்த ஆளுநர் மாளிகை. அதன் தாழ்வாரத்தில் பூர்வகுடிக் கைவினைஞர்கள் துணி விரித்து நகை வைத்திருப்பார்கள். மாலதிக்கு ஏதாவது பிடித்தால் திருப்பிப் பார்க்கச் சொல். வெள்ளியின் பின்பக்கம் செய்தவரின் முத்திரை குத்தியிருக்கும். கல் இயற்கையானதா, பிசின் ஏற்றிக் கெட்டிப்படுத்தியதா என்று தயங்காமல் கேட்கலாம். அங்கே விற்பவர் செய்தவராகவோ அவர் வீட்டாராகவோ இருப்பார், பதில் தெளிவாக வரும்.

இரண்டாம் நாள் பாண்டெலியர். கோடை மாதங்களில் பகலில் காரை உள்ளே விடாமல், ஒயிட் ராக்கில் நிறுத்திப் பேருந்தில் போகச் சொல்வார்கள். காலை ஒன்பதுக்கு முன்னால் போய்ச் சேர்வதே உத்தமம். ஆல்கோவ் ஹவுஸ் என்ற குகைக்கு 140 அடி ஏற வேண்டும், நடுவில் நான்கு மர ஏணிகள். உச்சியில் தலை சுற்றுகிறவர்கள் கீழே உள்ள சுற்றுப்பாதையோடு நிறுத்திக்கொள்ளலாம், அதிலேயே குடைந்த குகை வீடுகள் நிறைய இருக்கின்றன. ஜூலை, ஆகஸ்டில் பிற்பகல் இடி மின்னல் வழக்கம், அப்போது ஏணியில் இருக்கக் கூடாது.

சாப்பாட்டில் சிவப்பு மிளகாயா பச்சையா என்று கேட்பார்கள். ‘கிறிஸ்மஸ்’ என்றால் இரண்டும் வரும். மாலதி சைவம் என்பதால் ஒன்று: பீன்ஸில் பன்றிக் கொழுப்பும், மிளகாய்ச் சாற்றில் இறைச்சியும் இருக்கக்கூடும். இரண்டையும் தனித்தனியாகக் கேள்.

அக்டோபர் தொடக்கம் அல்புகர்க்கி பலூன் விழா, ஆகஸ்டில் சான்டா ஃபேயிலேயே பூர்வகுடிக் கலைஞர்களின் இந்தியன் மார்க்கெட் சந்தை. இந்த இரண்டு சமயமும் அறை விலை எகிறும். செப்டம்பர் கடைசி என்றால் மலையில் ஆஸ்பென் மரங்கள் மஞ்சளாகத் தொடங்கியிருக்கும். தேதி முடிவானதும் எழுது, ஓவியர் ஜார்ஜியா ஓகீஃப் அருங்காட்சியகத்துக்கு நேரம் குறித்த டிக்கெட் முன்கூட்டியே எடுத்துவிடு.

அன்புடன்,
சேகர்