கடை மூடியிருக்கும் சனிக்கிழமைக் காலைகள் பற்றி

வாடிக்கையாளர்கள் எல்லோருக்கும் வணக்கம்.

அடுத்த மாதத்திலிருந்து மாதத்தில் ஒரு சனிக்கிழமை காலை நம் நர்சரி மூடியிருக்கும், மதியத்துக்கு மேல்தான் திறப்போம். எந்தச் சனிக்கிழமை என்பதை முந்தின வாரமே வாசல் பலகையில் எழுதி வைத்துவிடுவோம், வாட்ஸ்அப்பிலும் வந்துவிடும். அன்று காலை கடையில் இருக்கிற நாங்கள் எல்லோரும் ஆரோவில் தாவரவியல் பூங்காவுக்குப் போகிறோம், சுற்றிப் பார்க்க இல்லை, அங்கே களை எடுக்க, கவரில் மண் நிரப்ப, விதை பொறுக்க, சொல்கிற வேலை எதுவானாலும் செய்ய. விருப்பப்பட்டால் நீங்களும் வரலாம் என்று சொல்லத்தான் இந்த மடல். ஏன் போகிறோம், எப்போது போனால் என்ன பூத்திருக்கும், எப்போது உண்மையிலேயே ஆள் தேவைப்படும் என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறோம், ஏனென்றால் கடைக்கு வருகிறவர்களில் பாதிப்பேர் இதைத்தான் கேட்கிறீர்கள்.

நாட்டு மரக்கன்று என்று கேட்டு வாங்கிப் போகிறவர்கள் அந்த மரத்தை ஒரு கருப்பு கவருக்குள் ஓரடி உயரத்தில்தான் பார்க்கிறீர்கள். அது வளர்ந்தால் எவ்வளவு அகலம் விரியும், எந்த மாதம் இலை கொட்டும், பூவுக்கு வாசனை உண்டா, பழம் காரின்மேல் விழுந்து கறை படியுமா, இதெல்லாம் நாங்கள் வாயால் சொல்லி விளங்க வைக்க முடிவதில்லை. ஆரோவில் தாவரவியல் பூங்கா 2003இல் தொடங்கியது, 50 ஏக்கர், செம்மண் பூமி. நம் கடற்கரையை ஒட்டிய நிலத்துக்கே உரிய காடு ஒன்று இருக்கிறது, உலர் பசுமைமாறாக் காடு என்பார்கள், வருடத்தில் பெரும்பாலான மாதம் மழையே இல்லாவிட்டாலும் இலை உதிர்க்காமல் பச்சையாக நிற்கும் காடு. வீரை, உலக்கைப்பாலை, கருங்காலி, காயா எல்லாம் அந்தக் காட்டு மரங்கள். அதில் இன்று மிச்சமிருப்பதில் நிறைய கோயில் காடுகளில்தான் இருக்கிறது, மரக்காணம் போகும் வழியில் புத்துப்பட்டு அய்யனார் கோயிலைச் சுற்றி நிற்கிறதே, அது மாதிரி. அந்த மரங்களை விதை சேகரித்து, நாற்று வளர்த்து, மறுபடி நட்டு நிறுத்துவதுதான் அந்தப் பூங்காவின் முக்கிய வேலை. நம் கடை பிழைப்பதும் இதே மரங்களை வைத்துத்தான். அவர்களுக்குக் கை கொடுப்பது எங்களுக்குக் கடமை என்று நினைக்கிறோம்.

சரி, பூவுக்கு வருவோம்.

தை மாசியில் முருக்கும் இலவும் இலையைக் கொட்டிவிட்டு மொட்டைக் கிளையில் சிவப்பாகப் பூக்கும், அந்த மரங்களுக்கடியில் காலை ஏழு மணிக்கு நின்றால் மைனா, காக்கை, தேன்சிட்டு எல்லாம் தேனுக்கு அடித்துக்கொள்ளும் சத்தத்தில் பேசினால் கேட்காது. பங்குனியில் புங்கம் துளிர்த்து, அதன் வெளிர் ஊதாப் பூ தரை முழுக்கக் கொட்டிக் கிடக்கும். அதே சமயத்தில் வேம்பு பூக்கத் தொடங்கிவிடும், சித்திரை முதல் நாள் பச்சடிக்கு வேண்டியதை மரத்தடியில் பழைய வேட்டியை விரித்து வைத்தே எடுத்துக்கொள்ளலாம், கிளையை ஒடிக்க வேண்டியதே இல்லை. இலுப்பை பூப்பதும் அந்த நாட்களில்தான். அதை இரவில் வௌவால்கள் தேடி வரும், விடிகாலையில் போனால் உதிர்ந்த பூவின் இனிப்பு வாசனை தூரத்திலேயே தெரியும். சித்திரை வைகாசியில் சரக்கொன்றை, அதைப் பற்றி நாங்கள் சொல்லி நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. ஆனால் ஒரு தடவை அதற்கடியில் கொஞ்ச நேரம் நின்று, கருப்பாகப் பெரிதாக இருக்கும் அந்தத் தச்சு வண்டுகள் பூவில் என்ன செய்கின்றன என்று மட்டும் பாருங்கள்.

ஆனி ஆடியில் பூ குறைவு, பழமும் விதையும்தான். அப்புறம் மழை எட்டிப் பார்த்ததும் காந்தள் மண்ணுக்கடியில் தூங்கிக்கொண்டிருந்த கிழங்கிலிருந்து முளைத்து, இலை நுனியையே கொக்கியாகச் சுருட்டிப் பக்கத்துச் செடியைப் பிடித்து ஏறும். புரட்டாசி ஐப்பசியில் வேலி ஓரங்களில் மஞ்சளாகத் திறந்து சிவப்பாக மாறும் அந்தப் பூதான் தமிழ்நாட்டின் மாநில மலர். வீட்டில் சின்னப் பிள்ளைகளோ ஆடு மாடோ இருந்தால் காந்தளைத் தொட்டியில் வைக்காதீர்கள், கிழங்கு முதல் விதை வரை முழுச் செடியும் விஷம். நாங்கள் அதை விற்காததற்குக் காரணம் அதுதான், பூங்காவில் பார்த்து மகிழுங்கள். கார்த்திகையில் மரமல்லியும் ஏழிலைப்பாலையும் இரவில் மணக்கும். ஏழிலைப்பாலை வாசனை சிலருக்குத் தலைவலி தரும், ஆகவே அதைப் படுக்கையறை ஜன்னலுக்கு வெளியே நட வேண்டாம் என்று கடையில் கேட்கிறவர்களிடம் எப்போதும் சொல்கிறோம்.

காயாவைத் தனியாகச் சொல்ல வேண்டும். காயாம்பூ வண்ணன் என்று பெருமாளைப் பாடக் கேட்டிருப்பீர்கள், அந்தப் பூவை நேரில் பார்த்தவர்கள் நம்மில் ரொம்பக் குறைவு. சிலர் காசான் என்பார்கள், சின்ன மரம், தடித்த பளபளப்பான இலை. பூத்தால் கிளையோடு ஒட்டிக்கொண்டு கொத்துக் கொத்தாக நீலமும் ஊதாவும் கலந்த ஒரு நிறம், அப்படி ஒரு நிறத்தை வேறு மரத்தில் நாங்கள் பார்த்ததில்லை. ஆனால் சில நாள்தான், தேதி குறித்துச் சொல்ல முடியாது, அடிக்கடி போகிறவர்கள் கண்ணுக்குத்தான் கிடைக்கும். எங்களோடு வேலைக்கு வரச் சொல்வதில் அந்த ஆசையும் இருக்கிறது.

கொன்றை பூத்ததும் கொன்றைக் கன்று கேட்டு நிறையப் பேர் வருகிறீர்கள். சித்திரை வெயிலில் நட்டு, தினமும் தண்ணீர் ஊற்ற ஆள் இருந்தால் மட்டும் தருகிறோம். இல்லையென்றால் பெயரை எழுதிவைத்துவிட்டுப் போங்கள், ஐப்பசி மழை நின்று பெய்யத் தொடங்கியதும் கன்றை எடுத்துவைத்துவிட்டுக் கூப்பிடுகிறோம். நம் பக்கத்து வருட மழையில் பாதிக்கு மேல் வடகிழக்குப் பருவத்தில், அக்டோபரிலிருந்து டிசம்பருக்குள் பெய்துவிடுகிறது. அந்த மழையில் வேர் பிடித்த கன்று அடுத்த கோடையைத் தாங்கும், மற்றதுக்கெல்லாம் நீங்கள் பூவாளியைத் தூக்கிக்கொண்டு நடக்க வேண்டியிருக்கும். விற்பனை தள்ளிப்போகிறதே என்று எங்களுக்கும் கஷ்டம்தான், ஆனாலும் செத்துப்போகும் கன்றை விற்க மனசு வரவில்லை.

பூங்காவில் வேலையும் இதே கணக்கில்தான் போகிறது. பூ நிறைய இருக்கும் மாதங்களில் ஆட்கள் தானாக வருவார்கள், போட்டோ எடுப்பார்கள், அதில் தப்பில்லை. ஆள் வேண்டியிருப்பது பூ இல்லாத மாதங்களில். ஆனி ஆடியில் வேப்பம்பழமும் நாவல் பழமும் விழும்போது விதையைப் பொறுக்கி, சதையைக் கழுவி, உடனே விதைக்க வேண்டும். வேப்ப விதை சில வாரம் கிடந்தாலே முளைக்கும் திறனை இழந்துவிடும், டப்பாவில் போட்டு அடுத்த வருடம் பார்த்துக்கொள்ளலாம் என்பது நடக்காது. சரக்கொன்றை இதற்கு நேர் எதிர், அந்த விதையின் தோல் அவ்வளவு கெட்டி, சொரசொரப்பான கல்லில் தேய்த்தோ சுடுதண்ணீரில் ஊறப்போட்டோதான் முளைக்க வைக்க முடியும். பத்துப் பேர் உட்கார்ந்து பேசிக்கொண்டே தேய்த்தால் ஒரு காலையில் முடிகிற வேலை, ஒருத்தர் மட்டும் செய்தால் ஒரு வாரம். ஆவணியில் கவரில் செம்மண்ணும் மணலும் தொழு உரமும் கலந்து நிரப்புவது, புரட்டாசியில் குழி எடுப்பது, வரப்பைச் சரி செய்வது. செம்மண் மேட்டில் வரப்பு இல்லாவிட்டால் மழை மேல்மண்ணை வாரிக்கொண்டு ஓடையாக அரித்துவிடும், ஆரோவில் பக்கம் அந்தப் பள்ளங்களை நீங்களே பார்த்திருப்பீர்கள். மழை நின்றதும் களை, அதிலும் உண்ணிச்செடி, சீமைக்கருவேலம் இரண்டும் சின்னதாக இருக்கும்போதே வேரோடு பிடுங்க வேண்டும். கோடையில் கன்றுகளுக்குச் சருகு மூடாக்குப் போட்டுத் தண்ணீர் ஊற்றுவது.

புயல் வருடம் என்றால் இதெல்லாம் இரண்டு மடங்காகும். 2011 டிசம்பர் 30இல் தானே புயல் வந்தபோது நம் பக்கத்தில் மரங்கள் எப்படிச் சாய்ந்து கிடந்தன என்பது எல்லோருக்கும் நினைவிருக்கும். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் கரையைக் கடந்தபோது புதுச்சேரியில் ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. சாய்ந்த இளங்கன்றை மண் ஈரமாக இருக்கும்போதே நிமிர்த்தி, மண் அணைத்து, முட்டுக் கொடுத்தால் பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளும், மண் இறுகிய பிறகு நிமிர்த்தினால் வேர் அறுந்துவிடும். ஆகவே புயலுக்கு மறுவாரம் வரத் தயாராக இருக்கும் நான்கு பேரின் போன் நம்பர் கையில் இருப்பது எங்களுக்குப் பெரிய பலம்.

குனிந்து வேலை செய்ய முடியாதவர்கள், முழங்கால் வலிக்காரர்கள், நேரமில்லாதவர்கள் செய்யக்கூடிய ஒன்றும் உண்டு. சீசன்வாட்ச் என்று ஒரு திட்டம், இந்தியா முழுக்கப் பொதுமக்களும் பள்ளிப் பிள்ளைகளும் சேர்ந்து செய்கிறார்கள். உங்கள் தெருவில் ஒரு மரத்தைத் தேர்ந்துகொண்டு வாரம் ஒரு தடவை அதில் துளிர், மொட்டு, பூ, காய், பழம் இருக்கிறதா, இல்லையா, இருந்தால் கொஞ்சமா நிறையவா என்று பதிய வேண்டும், அவ்வளவுதான். வருடக்கணக்கில் இப்படிச் சேரும் தகவலிலிருந்துதான் மரங்கள் பூக்கும் காலம் மாறுகிறதா என்று சொல்ல முடியும். நாங்கள் கடைக்கு எதிரே இருக்கிற புங்க மரத்தைப் பதிகிறோம்.

விழாக்களைப் பொறுத்தவரை, பொங்கல் விடுமுறையில் தமிழ்நாட்டுப் பறவை ஆர்வலர்கள் பொங்கல் பறவைக் கணக்கெடுப்பு நடத்துகிறார்கள், முருக்கும் இலவும் மொட்டு விடும் நேரம் அது, பிள்ளைகளோடு போக அதைவிட நல்ல காரணம் வேண்டாம். செப்டம்பர் முழுக்க நாடெங்கும் பட்டாம்பூச்சி மாதம், அவரவர் பார்த்த பட்டாம்பூச்சிகளைப் பதிகிற மாதம் அது. புதுச்சேரி நகரத்துக்குள் இருக்கும் அரசுத் தாவரவியல் பூங்காவில் வழக்கமாகப் பிப்ரவரியில் மலர், காய், கனிக் கண்காட்சி நடக்கும். பிரெஞ்சுக்காரர்கள் 1826இல் தொடங்கிய தோட்டம் அது. கண்காட்சிக் கூட்டம் பிடிக்காதவர்கள் வேறு ஒரு சாதாரண நாளில் போய் அங்கே நிற்கும் பழைய பெரிய மரங்களை மட்டும் பார்த்துவிட்டு வரலாம், நாங்கள் அதைத்தான் விரும்புகிறோம்.

எங்களோடு வர நினைக்கிறவர்கள் முந்தின வியாழக்கிழமைக்குள் கடைக்கு வந்தோ போனிலோ பெயர் கொடுங்கள், எத்தனை பேர் என்று பூங்காவில் முன்கூட்டியே சொல்ல வேண்டும், திடுதிப்பென்று கூட்டமாகப் போய் நின்றால் அவர்களுக்குத்தான் சிரமம். பத்து வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளை அப்பாவோ அம்மாவோ கூட இருந்தால் அழைத்து வரலாம். முழுக்கை சட்டை, மூடிய செருப்பு அல்லது ஷூ, தொப்பி, தண்ணீர் பாட்டில் அவசியம். பூவோ விதையோ செடியோ யாரும் பையில் போட்டுக்கொண்டு வரக்கூடாது, ஒரு கிளைகூட, இதில் மட்டும் கண்டிப்பாக இருப்போம். மழை மாதங்களில் பூரான், பாம்பு நடமாட்டம் உண்டு, சருகுக்குள் வெறுங்கையை விடாமல் குச்சியால் தள்ளிப் பார்த்துவிட்டு வேலை செய்யச் சொல்லித் தருவோம்.

அன்று காலை ஆர்டர் எடுக்க வருகிறவர்கள் முந்தின நாள் சொல்லிவிட்டால் கன்றுகளை வெள்ளி மாலையே கட்டி வைத்துவிடுகிறோம். தொட்டி, உரம் டெலிவரி வழக்கம்போல மதியத்துக்கு மேல் நடக்கும். வேலைக்கு வருகிறவர்களுக்கான டெம்போ காலை ஆறரைக்குக் கடை வாசலிலிருந்து கிளம்பும், பதினொன்றுக்குள் திரும்பிவிடலாம். டிபன் எங்கள் பொறுப்பு, தட்டும் டம்ளரும் மட்டும் வீட்டிலிருந்து கொண்டு வந்துவிடுங்கள்.