ஐடாஹோவுக்கு உருளைக்கிழங்கு

தங்கச்சிமடம்,
மே மாதம்.

அன்புள்ள நண்பனுக்கு,

உன் நீண்ட கடிதத்துக்கு இவ்வளவு தாமதமாகப் பதில் எழுதுகிறேன்; திட்டுவதாக இருந்தால் முதல் பத்தியோடு திட்டி முடித்துக்கொள். இங்கு எல்லோரும் நலம். அக்காவுக்குக் கண் அறுவை நல்லபடியாக முடிந்தது. மருமகன் வேலையும் மாறவில்லை, வாயும் மாறவில்லை. விடுதியில் தட்டைக் கழுவச் சொன்னாலே காய்ச்சல் வந்துவிடும் உனக்கு. அப்படிப்பட்ட நீ அமெரிக்காவில் வாரந்தோறும், தானமாக வரும் உணவைச் சேர்த்து இல்லாதவர்களுக்குத் தரும் உணவு வங்கியின் கிடங்கில் நின்று டப்பாக்களைத் தரம்பிரித்து அடுக்குகிறாய் என்பதை நம் சமையற்காரர் கேட்டிருந்தால், சாம்பாரில் ஒரு முருங்கைக்காய் கூடுதலாகப் போட்டிருப்பார்.

உன் கடிதத்தின் கடைசிப் பக்கம்தான் இப்போது என்னை எழுத வைக்கிறது. அங்குள்ள நம்மவர்கள் சேர்ந்து பணம் திரட்டி, மீன்பிடித் தடைக்காலத்தில் நம் கரையோர ஊர்களுக்கு லாரி நிறைய அரிசி வாங்கி இறக்கலாம் என்றும், நான் "சரி" என்று ஒரு வரி எழுதினால் போதும் என்றும் கேட்டிருந்தாய். அந்த ஒரு வரியை என்னால் எழுத முடியவில்லை. கூட்டுறவுத் துறையில் காலம் தள்ளியவனுக்கு எதிலும் குறிப்பெழுதித் திருப்பி அனுப்பும் புத்தி போகாது என்று நீ சிரிப்பாய். சிரித்துவிட்டு மேலே படி.

நீ வேலை செய்யும் வட்டார உணவு வங்கியைப் போல அந்த நாட்டில் சுமார் 200 இருக்கின்றன என்றும், அவை எல்லாம் ஃபீடிங் அமெரிக்கா என்ற அமைப்பின் கீழ் வருகின்றன என்றும் எழுதியிருந்தாய் அல்லவா? அந்தத் தலைமை அமைப்பைப் பற்றிப் படித்தபோது ஒரு செய்தி கண்ணில் பட்டது. நிறுவனங்கள் தானமாகத் தரும் சரக்கை முன்பெல்லாம் வரிசை முறைப்படி ஒவ்வொரு வங்கிக்கும் ஒதுக்கிவந்திருக்கிறார்கள். யாருக்கு எது தேவை என்று கேட்கும் வழக்கம் இல்லை. அதனால் உருளைக்கிழங்குக்கே பேர்போன ஐடாஹோ மாநிலத்துக்கு உருளைக்கிழங்கு லாரி போய் நின்றதாம். 2005-இல் பொருளாதார அறிஞர்களின் துணையோடு முறையை மாற்றினார்கள். ஒவ்வொரு வங்கிக்கும் பணமல்லாத ஒரு கணக்கில் பங்குகள் கொடுத்து, ஏழைகள் மிகுந்த வட்டாரத்துக்குக் கூடுதல் பங்கு வைத்து, வேண்டியதை அவர்களே ஏலம் கேட்டு எடுத்துக்கொள்ளச் சொல்லிவிட்டார்கள். தருமத்தில் சந்தையைக் கொண்டுவருவதா என்று முதலில் முறுக்கிக்கொண்ட வங்கித் தலைவர்களும் இருந்தார்கள். ஆனால் கேட்டுக் கொடுப்பதற்கும் கேட்காமல் கொடுப்பதற்கும் உள்ள வித்தியாசம் சரக்கு நகர்ந்த விதத்திலேயே தெரிந்துவிட்டது.

நண்பா, இராமநாதபுரம் கரைக்கு அரிசி லாரி அனுப்புவதும் ஐடாஹோவுக்கு உருளைக்கிழங்கு அனுப்புவதும் ஒன்றுதான். அரிசி அட்டை வைத்திருப்பவர்களுக்கு 2011-லிருந்து நியாயவிலைக் கடையில் அரிசிக்குக் காசே கிடையாது. பருப்பு கிலோ 30 ரூபாய்க்கும், பாமாயில் லிட்டர் 25 ரூபாய்க்கும் கிடைக்கின்றன. அந்த வரிசையில் வாத்தியாரும் நிற்கிறார், ஐஸ் பெட்டி சுமப்பவரும் நிற்கிறார். ஆகவே நிற்பதில் யாருக்கும் கூச்சம் இல்லை. இந்த ஊர் வீடுகளில் சோற்றுப் பானை காலியாவது அபூர்வம். காலியாவது குழம்புச் சட்டிதான். கடலுக்குப் போகிற குடும்பத்துக்குக் குழம்பு என்றால் மீன். மீனும் இல்லை, அதற்குப் பதிலாக முட்டையோ பருப்போ வாங்கக் காசும் இல்லை என்றால் வெறும் சோற்றில் புளித்தண்ணீரை ஊற்றிப் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட்டு, பெரியவர்கள் தேநீர் குடித்துப் படுத்துவிடுவார்கள். எந்தக் கணக்கெடுப்பில் இதைப் பட்டினி என்று குறிப்பார்கள்?

நீ ஊரை விட்டுப் போனபோது இவ்வளவு கண்டிப்பான தடைக்காலம் கிடையாது. இப்போது ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் கிழக்குக் கரையில் விசைப்படகுகள் கடலில் இறங்கக் கூடாது. மீன் குஞ்சு பொரித்துப் பெருகுவதற்காக வைத்த ஏற்பாடு. அதில் எனக்குக் குறையொன்றும் இல்லை. அரசு நிவாரணமாகக் குடும்பத்துக்கு 8,000 ரூபாய் தருகிறது. ஆனால் அது பதிவு பெற்ற மீனவக் குடும்பத்துக்கு. விசைப்படகு கட்டிக்கிடந்தால் ஐஸ் கம்பெனி ஓடாது, மீன் பிரிக்கும் பெண்களுக்குக் கூலி இல்லை, சுமை தூக்குபவருக்கும் மீன் வண்டி ஓட்டுபவருக்கும் வேலை இல்லை. இவர்களில் பலருக்கு மீனவர் என்ற பதிவே கிடையாது. இதற்கு நேர்மாறாக, நாட்டுப்படகும் வல்லமும் வைத்திருப்பவர்களுக்குத் தடை இல்லை. மீன் விலை ஏறிக்கிடக்கும் இந்த மாதங்களில்தான் அவர்கள் கையில் நாலு காசு புரளும். ஒரே தெருவில் எதிரெதிர் வீட்டில் ஒன்றில் வறுவல் மணக்கும், மற்றதில் அடுப்பே தாமதமாகப் பற்றும். வெளியூரிலிருந்து வந்து இறங்கும் லாரிக்கு இந்த இரண்டு வீட்டையும் பிரித்தறியத் தெரியாது.

இதோடு இன்னொன்று சேர்கிறது. இதைத்தான் முக்கியமாக எழுத நினைத்தேன். ஏப்ரல் கடைசியில் பள்ளிக்கூடமும் மூடிவிடுகிறார்கள். 2022 செப்டம்பரில் மதுரையில் தொடங்கிய காலை உணவுத் திட்டம் மறு ஆண்டே அரசுத் தொடக்கப்பள்ளிகள் எல்லாவற்றுக்கும் வந்துவிட்டது. மதியச் சத்துணவும் முட்டையும் நாம் அறிந்தவை. ஆகப் பள்ளி நாட்களில் ஒரு பிள்ளை இரண்டு வேளையை அங்கேயே சாப்பிட்டுவிடுகிறது. அப்பன் கையில் காசு ஓடுகிற மாதங்களில் இந்த இரண்டு வேளையும் கிடைக்கிறது. அவன் கரையில் உட்கார்ந்திருக்கிற மாதங்களில் இரண்டும் நின்றுபோகின்றன. கடலையும் பள்ளியையும் ஒரே சமயத்தில் பூட்ட வேண்டும் என்று யாரும் திட்டமிடவில்லை, ஆனால் சாவி இரண்டும் ஒரே மாதத்தில் திரும்புகின்றன. உங்கள் ஊரில் வெள்ளிக்கிழமை மாலை பிள்ளைகளின் பையில் சனி, ஞாயிறுக்கான உணவை வைத்தனுப்புகிறார்கள் என்றும், கோடை விடுமுறைக்குத் தனி உணவு ஏற்பாடு உண்டு என்றும் நீ எழுதியதைப் படித்தபோது, இந்தக் கணக்கு அங்கேயும் ஒருவருக்குப் புரிந்திருக்கிறது என்று எழுந்து நின்று கைதட்டலாம் போலிருந்தது.

சரி, நாங்கள் என்ன செய்கிறோம் என்று கேட்பாய். பெரிதாக ஒன்றுமில்லை. வலை பின்னும் கொட்டகையை ஒட்டி ஊர்க்கமிட்டிக்கு ஓர் அறை உண்டு. அதில் அலமாரித் தட்டுகள் அடித்துச் சரக்கு வைத்திருக்கிறோம். துவரம்பருப்பு, தட்டைப்பயறு, கொண்டைக்கடலை, கடலை எண்ணெய், புளி, நம் சீமைக் குண்டு மிளகாய், வாரம் ஒருமுறை முட்டை. கீழக்கரை வியாபாரிகள் சிலர் ஜகாத் பணத்தில் பருப்பு வாங்கித் தருகிறார்கள்; முதுகுளத்தூர்ப் பக்கத்து விவசாயிகள் மிளகாய் தருகிறார்கள்; மாதா கோயில் பங்கிலிருந்து முட்டைக்குப் பணம் வருகிறது. யாருக்குக் கொடுப்பது என்பதை முடிவு செய்பவர்கள் மூன்று பெண்கள்: ஒருவர் தலைச்சுமையாக மீன் விற்கும் பாட்டி, ஒருவர் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிக் கடல்பாசி எடுக்கப் போகும் பெண்களுக்கு முன்னால் நிற்பவர், மூன்றாமவர் விசைப்படகில் கூலிக்குப் போகிறவரின் மனைவி. நானும் பாயும் கணக்கு எழுதுவதோடு சரி. எந்த வீட்டில் கடையில் கடன் நிறுத்தப்பட்டது, எந்த வீட்டுக்காரர் எல்லை தாண்டினார் என்று இலங்கைச் சிறையில் இருக்கிறார், எந்த வீட்டில் நிவாரணப் பணம் வட்டிக்காரருக்கு நேரே போய்விட்டது என்பதெல்லாம் அவர்களுக்கு விடிவதற்குள் தெரியும். பெயர்ப்பட்டியலைச் சுவரில் ஒட்ட மாட்டார்கள். வருகிறவர்கள் ரேஷன் பையோடு வந்து, தட்டில் இருப்பதில் வேண்டியதை எடுத்துக்கொண்டு போகிறார்கள். உங்கள் வங்கியிலும் பொட்டலம் கட்டிக் கையில் திணிக்காமல் கடைபோல அவர்களையே எடுத்துக்கொள்ளச் சொல்லும் முறை வந்துவிட்டது என்று நீ எழுதியதை அந்தப் பாட்டியிடம் சொன்னேன். "இதுக்கு அமெரிக்கா வரைக்கும் போகணுமா?" என்று கேட்டார்.

கல்யாண வீட்டு மிச்சத்தைச் சேகரித்துத் தரலாமே என்று நீ கேட்டிருந்தாய். கீழக்கரை விருந்தில் பலர் சேர்ந்து உண்ணும் சஹன் தட்டில் மிஞ்சும் நெய்ச்சோறு யாருக்குத்தான் பிடிக்காது! ஆனால் அங்கிருந்து இந்த மே வெயிலில் கறிச்சோறு பாம்பன் பாலம் தாண்டி வருவதற்குள் அதை யாருக்கும் கொடுக்க மனம் வராது. மிச்ச உணவைச் சேகரித்து வழங்குவதற்கு உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2019-இல் தனி விதிமுறையே வகுத்திருக்கிறது; குளிர்சாதன வண்டியும் நேரக்கணக்கும் உள்ள நகரத்துக் குழுக்களால் அது இயலும். எங்களால் உள்ளூர் விருந்தில் மிஞ்சியதை அதே வேளையில் அதே தெருவில் கொடுக்கத்தான் முடியும்.

ஓர் இடைச்செருகல், கணக்கு வாத்தியாரின் மாணவன் என்பதால் சொல்கிறேன். முதல் உணவு வங்கியை ஜான் வான் ஹெங்கல் என்பவர் அரிசோனாவின் ஃபீனிக்ஸ் நகரில் தொடங்கியது 1967-இல். வள்ளலார் வடலூரில் தருமசாலையின் அடுப்பை மூட்டியது 1867-இல். சரியாக நூறு ஆண்டு! ஒன்றுக்கொன்று எந்தச் சம்பந்தமும் இல்லை என்று எனக்கும் தெரியும்.

இப்போது என் கவலைக்கு வருகிறேன். சென்ற மாதம் ஒரு நிறுவனத்திலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். ஆண்டு முழுவதற்கும் பருப்பும் எண்ணெயும் தாங்களே தருவதாகச் சொன்னார்கள். பதிலுக்கு வாசலில் பெயர்ப்பலகையும், பை வாங்கும் ஒவ்வொருவரின் புகைப்படமும் கேட்டார்கள். மூன்று பெண்களும் ஒரு வார்த்தை பேசாமல் எழுந்து போய்விட்டார்கள். இந்தப் பெண்கள் கடலில் மீன்பாடு நன்றாக இருந்த நாளில், கரைக்கு வந்த ஏழைக்குக் கை நிறைய மீன் அள்ளிப் போட்டவர்கள். இன்று பருப்புப் பையோடு படத்தில் நிற்க மாட்டார்கள், நிற்கச் சொல்லும் உரிமை எனக்கும் இல்லை. வந்தவர்களை அனுப்பிவிட்டேன். பாய் மட்டும் இரவெல்லாம் கணக்கைப் புரட்டிக்கொண்டிருந்தார், ஏனென்றால் இருக்கிற சரக்கு ஜூன் தொடக்கத்தோடு தீர்ந்துவிடும். அதன்பின் ஐப்பசி, கார்த்திகையில் கடல் கொந்தளித்து நாட்டுப்படகும் கரையேறும்போது தட்டில் என்ன இருக்கும் என்று நினைத்தால் எனக்கும் தூக்கம் பிடிப்பதில்லை.

ஆகவே உன் நண்பர்களின் பணம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அரிசியாக வேண்டாம், படமாக வேண்டாம், அவ்வளவே. கருவாடாக வேண்டும். சிரிக்காதே. தடை முடிந்து விசைப்படகுகள் இறங்கும் முதல் நாட்களிலும், சூடை மீன் குவியும் மற்ற நாட்களிலும் விலை சரிந்துபோய், நல்ல மீனும் கழிவு மீனான சங்காயத்தோடு சேர்ந்து கோழித்தீவனத்துக்குப் போகிறது. அந்த நாட்களில் கொஞ்சம் மீனை நியாயமான விலைக்கு வாங்கி, வேலையில்லாத பெண்களுக்குக் கூலி கொடுத்து, மணலில் போடாமல் உயரமான பரண்களில் உப்பிட்டுக் காயவைத்தால், மழைக்கால முடையில் அவர்கள் வீட்டுக் குழம்புச் சட்டிக்கே அது திரும்பும். தை, மாசி வெயிலில் காய்வது அடுத்த தடைக்காலத்துக்கு ஆகும். இந்த யோசனை என்னுடையது அல்ல, அந்தப் பாட்டியுடையது; பரண்களுக்கும் வலைமூடிக்கும் காற்றுப்புகாத டப்பாக்களுக்கும் முதல் கொள்முதலுக்கும்தான் பணம் தேவை. மழைக்காற்றில் பூஞ்சை பிடிக்காமல் வைப்பதுதான் எங்களுக்கு இன்னும் பிடிபடாத வித்தை.

உன் கிடங்கில் உலர்ந்த சரக்கை ஈரம் ஏறாமல் எப்படி வைக்கிறார்கள், பழைய சரக்கு முதலில் வெளியேறுவதை எப்படிக் கவனிக்கிறார்கள், சரக்கு குறையும் மாதத்தில் எந்தக் கிளைக்கு முதலில் கொடுப்பது என்பதை யார் முடிவு செய்கிறார்கள் என்று விசாரித்து விரிவாக எழுது. உங்கள் ஊரில் கருவாடு என்றால் பக்கத்து வீட்டுக்காரர் போலீஸைக் கூப்பிடுவார் என்பதால் மாதிரி அனுப்பவில்லை. ஜூன் கடைசியில் வருவதாக இருந்தால் இனிப்புப் பெட்டிகள் வேண்டாம். துல்லியமான மின்தராசு ஒன்று வாங்கி வா, பாயின் பழைய தராசு அவர் மனத்தைப் போலவே எப்போதும் சற்றுக் கூடுதலாகவே நிறுக்கிறது.

தங்கச்சிக்கும் குழந்தைகளுக்கும் என் அன்பு. மற்றவை உன் பதில் கண்டு.

உன் பழைய அறைத்தோழன்.